பத்தொன்பதாவது பெயர்

காலை ஐந்தரை மணிக்கே பாலத்தின் மேல் லாரிகள் உறுமிக்கொண்டு நின்றன. அந்தக் கரை மெக்சிகோ, இந்தக் கரை டெக்சஸின் லாரெடோ, நடுவில் சேற்று நிறத்தில் ஓர் ஆறு. பாலம் கடந்து வரும் வண்டிக்குச் சோதனைச் சாவடியில் பச்சை விளக்கு விழுந்தால் நேரே நெடுஞ்சாலை. சிவப்பு விழுந்தால் பத்ரி என்கிற முதலாளியின் ஷெட். அங்கே பதினெட்டுத் தொழிலாளர்கள் சரக்கு மொத்தத்தையும் இறக்கிப் பரப்புவார்கள். சுங்க அதிகாரி பார்த்துத் தலையசைத்ததும் மொத்தத்தையும் திரும்ப ஏற்றுவார்கள். இடுப்பு ஒடிகிற வேலை. நாள் முடிவில் இதைச் செய்தேன் என்று காட்டுவதற்கு ஒரு துரும்புகூட மிஞ்சாது.

அன்று முதல் வண்டியில் டைல்ஸ். ஒத்திலியா கத்தியால் பிளாஸ்டிக் சுற்றைக் கிழித்தாள். எவரிஸ்டோ கைவண்டியின் இரும்பு முள்ளை, டைல்ஸ் அடுக்கிய மரப்பலகைத் தட்டான பேலட்டின் அடியில் செருகி, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்து இழுத்தார். ஒரு பேலட் ஒரு டன். சக்கரம் கிறீச்சென்று கத்திவிட்டுத்தான் நகர்ந்தது. டைல்ஸ் தூசி வியர்வையில் குழைந்து எல்லோருடைய முன்கையிலும் ஆறு மணிக்கே சாந்து பூசியிருந்தது. எவரிஸ்டோவுக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய மணிக்கட்டிலும் மற்ற பதினேழு மணிக்கட்டுகளிலும் ஆளுக்கொரு ஸ்கேனர் பட்டை போட்டுக் கட்டியிருந்தது.

இதையெல்லாம் கண்ணாடி அறைக்குள் ஏசியில், ஸ்வெட்டரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நஞ்சுண்டன். கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரைக்காரன். அந்த ஸ்கேனர்களை ஆட்டிவைத்த மென்பொருள் அவன் எழுதியது. மனைவி வான்மதியும் மகள் ஓவியாவும் காரில் ஐந்து மணி நேரத் தொலைவில், கேட்டி என்ற ஊரில் இருந்தார்கள். வாரத்தில் நான்கு நாள் இவனுக்கு இங்கே வாசம். விசா பத்ரி கையில், கிரீன் கார்டு விண்ணப்பமும் பத்ரி கையில். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. தான் செய்த காரியத்துக்கு நஞ்சுண்டன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம் இது ஒன்றுதான்.

காரியம் இதுதான். அதிகாரி வண்டிக் கதவின் சீல் முத்திரையை வெட்டிய நொடியிலிருந்து பார்த்து முடிக்கும்வரை சரக்கை யாரும் தொடக்கூடாது. ஆனால் ஓர் ஆள் ட்ரெய்லருக்குள் சரக்கோடு நின்றாக வேண்டும். அதிகாரியை வேறு வரிசைக்குக் கூப்பிட்டுவிட்டால் பத்து நிமிடமும் ஆகும், ஒரு மணி நேரமும் ஆகும். அந்தக் காத்திருப்பு பத்ரியின் கண்ணை உறுத்தியது.

"சும்மா நிக்கிறவன கேட்ச் பண்ணணும் நஞ்சுண்டா. மூவ்மென்ட் இல்லன்னா சிஸ்டம் ஃப்ளாக் பண்ணணும்" என்று பிப்ரவரியில் சொன்னார்.

நஞ்சுண்டன் கேட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரே வார இறுதியில் எழுதி முடித்தான். ஏழு நிமிடம் கை அசையாவிட்டால் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புச் சொல் விழும். ஒரே நாளில் மூன்று விழுந்தால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். சிக்னல் எட்டுவது ஷெட்டுக்குள் மட்டும். தண்ணீர் டிரம்மும் காற்று வருகிற ஒரே இடமான மெஸ்கீட் மர நிழலும் பின்புறத்தில், சிக்னல் எட்டாத தூரத்தில் இருந்தன. தண்ணீர் குடிக்கப் போனவரை இயந்திரம் ஆளே இல்லை என்று எழுதிக்கொண்டது.

புரோகிராம் எழுதுகிறவர்கள் உள்ளுக்குள் எதற்காவது வாய்க்கு வந்த பெயரை வைப்பார்கள். நஞ்சுண்டன் அந்தச் சிவப்புக்கு, ஆங்கில எழுத்தில், 'சோம்பேறி' என்று வைத்தான். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் வைத்தான். பத்ரிக்குப் போட்டுக் காட்டியபோது அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சூப்பர்டா! மாத்தாத, அப்படியே இருக்கட்டும். அங்க எவனுக்குப் புரியப் போகுது?"

நஞ்சுண்டனும் சிரித்தான். முதலாளி சிரித்தால் கூடச் சிரித்து வைப்பது அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

இரண்டாவது வாரமே ஒத்திலியா கேட்டுவிட்டாள். ஐம்பதைத் தாண்டியவள், அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி. அவள் பேசுவது பாதி ஸ்பானிஷ், பாதி ஆங்கிலம். நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"இஞ்சினியர், இந்தச் சிவப்பு வார்த்தை என்ன பாஷை?"

"அது ஒண்ணுமில்ல. சிஸ்டம் கோட்."

பொய் சொன்ன கையோடு, அவள் நீட்டிய ரொட்டிச் சுருளை, டாக்கோவை, வாங்கிக்கொண்டான். மாட்டிறைச்சி சாப்பிடாதவன் என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்கென்று தனியாக உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிக் கொண்டுவருவாள். அன்றைக்கு அதை மெல்லாமல் விழுங்கினான். தண்ணீர் குடித்து இறக்கினான்.

பிறகு அந்தச் சொல் அவர்கள் பேச்சிலேயே கலந்துவிட்டது. "எனக்கு இன்னிக்கு ரெண்டு சோம்பேறி." "இன்னும் ஒரு சோம்பேறி விழுந்தா நாளைக்கு வீட்லதான்." அறுபத்தொரு வயதில் ஒரு டன் பேலட்டை இழுக்கிற மனிதர் தன் வாயாலேயே தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம் நஞ்சுண்டனுக்கு உடம்பு கூசியது. வாளையார் செக்போஸ்ட்டில் இருபது வருடம் மூட்டை இறக்கியவர் அவன் அப்பா. கேட்டியில் யாராவது கேட்டால் 'ட்ரான்ஸ்போர்ட் பிசினஸ்' என்பான். அந்த வெட்கமும் இந்த வெட்கமும் ஒன்றுக்கொன்று உறவு என்பது அவனுக்கு அப்போது தெரியவில்லை.

அவர்கள் ஓர் உபாயம் கண்டுபிடித்திருந்தார்கள். ட்ரெய்லருக்குள் காவல் நிற்கிறவர் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை கையை வீசி வீசி நடப்பார். தொடுவதற்குச் சரக்கு இல்லை, செய்வதற்கு வேலை இல்லை, நடை மட்டும். பிப்ரவரிக் குளிரில் அது வேடிக்கையாக இருந்தது. ஜூலையில் அந்தத் தகரப் பெட்டி அடுப்பாகிவிட்டது.

ஜூலையின் ஒரு வியாழக்கிழமை. மறுபடியும் டைல்ஸ் வண்டி. அதிகாரி சீல் முத்திரையை வெட்டினார், அவருக்கு அழைப்பு வந்தது, போய்விட்டார். எவரிஸ்டோ காவலுக்கு நின்றார். அவர் பெயரில் அன்று ஏற்கெனவே இரண்டு சிவப்பு. மூன்றாவது விழக்கூடாது என்று நடந்தார். பத்து நிமிடம், இருபது நிமிடம், ஐம்பது நிமிடம். தண்ணீர் டிரம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் கண்ணாடி அறையின் திரையில் எவரிஸ்டோ பெயருக்கு எதிரே அந்தச் சொல் சிவப்பாக விழுந்தது. நஞ்சுண்டன் பார்த்தான். 'அடடா, மூணாவதும் விழுந்துடுச்சே, பாவம்' என்று நினைத்தான். காப்பியை ஒரு வாய் குடித்தான். நன்றாக நினைவிருக்கிறது அவனுக்கு, இன்னொரு வாயும் குடித்தான். அப்புறம்தான் ஒத்திலியாவின் அலறல் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது எவரிஸ்டோ பேலட்டுகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார். நெற்றி டைல்ஸ் அட்டைப்பெட்டி முனையில் மோதிப் பிளந்திருந்தது. தோல் வியர்வை இல்லாமல் காய்ந்து, தொட்டால் சுட்டது. ஸ்கேனர் கட்டிய கை மட்டும் தலைக்கு மேலே நீண்டிருந்தது. ஒத்திலியா டிரம்மையே உருட்டிக்கொண்டு வந்து அவர்மேல் கவிழ்த்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஏழு நிமிடம் அசையாவிட்டால்தான் அந்தச் சொல் விழும். அப்படியானால் ஏழு நிமிடமாக அந்த மனிதர் அங்கே கிடந்திருக்கிறார். விழுந்து கிடந்தவரை இயந்திரம் சோம்பேறி என்று எழுதியது, எழுதச் சொன்னவன் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். நஞ்சுண்டனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஐந்து மணிக்கு பத்ரி கேட்டியிலிருந்து ட்ரைவ் பண்ணி வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரிக்கு ஒரு போன், வக்கீலுக்கு மூன்று போன். பிறகு கண்ணாடி அறைக் கதவைச் சாத்தினார்.

"ஐசியூல இருக்கார். கிட்னி அஃபெக்ட் ஆயிருக்காம். பொழச்சுப்பார்னு சொல்றாங்க. லுக், இப்ப நாம பேனிக் ஆகக்கூடாது. நீ ஒரு இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுது. தண்ணி அவைலபிளா இருந்தது, அவரே வாலன்டரியா உள்ள நடந்துண்டு இருந்தார், சிஸ்டம் யாரையும் ஃபோர்ஸ் பண்ணல. அவ்ளோதான்."

"சார், நடக்கலேன்னா ஃப்ளாக் ஆகும்னுதான் நடந்தாருங்க."

"அது உன் இன்டர்பிரட்டேஷன். அப்புறம் அந்த வேர்ட். அத மாத்திடு. பழைய ரெக்கார்டு லாக்ஸ்லேர்ந்தும் எடுத்துடு. நாளைக்கு லேபர் சேஃப்டி பாக்கற ஓஷாக்காரன் வந்து நின்னா எதுவும் கண்ல படக்கூடாது."

"லாக்ஸ்ல கை வைக்கறது தப்புங்களே சார்."

பத்ரி குரலைத் தணித்தார். கோயில் கமிட்டியில் பேசுகிற குரல். "நஞ்சுண்டா, உன் கிரீன் கார்டுக்கு ஒன்பது வருஷமா கையெழுத்துப் போடறவன் நான். வேலை இல்லேன்னா அறுபது நாள்ல நீ பெட்டி கட்டணும். ஓவியா கிண்டர்கார்டன் போகப் போறா இல்ல? வீட்டுக்குப் போ. ஏசியில உக்காந்து நிதானமா எழுது."

நஞ்சுண்டன் தலையாட்டினான். வெளியே வந்தபோது பதினேழு பேர் மெஸ்கீட் மரத்தடியில் நின்றிருந்தார்கள். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவனும் தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறினான்.

லாரெடோவிலிருந்து வடக்கே போனால் அரை மணி நேரத்தில் நெடுஞ்சாலையிலேயே இன்னொரு சோதனைச் சாவடி. நாட்டுக்குள் வந்துவிட்டவர்களையும் நிறுத்தி யார் நீ என்று கேட்கிற இடம். மோப்ப நாய் காரைச் சுற்றி வந்தது. இளவயது அதிகாரி குனிந்தார்.

"அமெரிக்கக் குடிமகனா?"

நஞ்சுண்டன் பாஸ்போர்ட்டையும் விசாத் தாளையும் நீட்டினான். வாரா வாரம் நீட்டுவதுதான்.

"என்ன வேலை?"

"சாஃப்ட்வேர்."

"என்ன சாஃப்ட்வேர்?"

பேச்சுக்குக் கேட்ட கேள்வி. வெயிலில் நிற்கிறவனுக்கும் பொழுது போக வேண்டுமே. நஞ்சுண்டன் ஸ்டீயரிங்கைப் பார்த்தான். அதிகாரி ஏறிட்டுப் பார்த்தார்.

"ஆட்களைப் பார்த்துக்கொள்கிற சாஃப்ட்வேர்" என்றான் கடைசியில்.

"நல்லது. போய் வாருங்கள்."

அவ்வளவு எளிதாக விட்டுவிட்டார். ஒரு மைல் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி வான்மதிக்குப் போன் போட்டான். நடந்ததைச் சொன்னான். பாதியில் ஓவியா குறுக்கே புகுந்து, "Appa, are you coming home?" என்றாள். "யெஸ் கண்ணு" என்றான். வான்மதி பிள்ளையை அனுப்பிவிட்டு வந்தாள்.

"என்ன வார்த்தைங்க போட்டீங்க? மறுபடி சொல்லுங்க."

சொன்னான்.

"மாமாவ வாளையார்ல எவனாச்சும் அப்படி எழுதி வெச்சிருந்தா உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?"

"வெளையாட்டுக்கு வெச்சது வானு."

"யாருக்குங்க வெளையாட்டு?" என்றாள். "எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது. இந்த வீடு, ஓவியா ஸ்கூலு, எல்லாம் போயிருமுங்க. ஆனா அந்த ரிப்போர்ட்ட எழுதி வெச்சிட்டு, வந்து என் மூஞ்சியப் பார்த்து சோறு போடுன்னு கேக்க முடியுமுங்களா உங்களால?"

அடுத்த எக்ஸிட்டில் காரைத் திருப்பினான். தெற்கே போகிற பக்கத்தில் சாவடி கிடையாது, யாரும் எதுவும் கேட்பதில்லை.

மறுநாள் காலை ஐந்தரை. பாலத்தில் லாரிகள் உறுமின. முதல் வண்டி வெண்ணெய்ப் பழத்தோடு ஷெட்டின் முகப்பில் வந்து நின்றது. இறக்குவதற்கு யாரும் வரவில்லை. பதினேழு பேரும் மெஸ்கீட் மரத்தடியில் நின்றார்கள். ஷெட்டின் நட்டநடுவில், சிக்னல் நன்றாக எட்டுகிற இடத்தில், ஒரு நீலக் கூடை. அதில் பதினேழு ஸ்கேனர்கள் உயிரோடு மினுக்கிக்கொண்டு கிடந்தன. பதினெட்டாவதையும் ஒத்திலியா ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்து போட்டிருந்தாள். அதன் பட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது.

பத்ரி வேகமாக வந்தார். ஆங்கிலத்தில்தான் பேசினார்.

"எவரிஸ்டோவுக்காக நானும் வருத்தப்படறேன். ஆனா வண்டி நிக்குது. பழம் அழுகும்."

"ஆள் அழுகலாம், பழம் அழுகக் கூடாதா?" என்றாள் ஒத்திலியா.

"தண்ணி அங்கதானே இருந்தது? யாராவது குடிக்காதேன்னாங்களா?"

"குடிக்கப் போனா இல்லாத ஆளுன்னு உங்க மிஷின் எழுதுது. தண்ணி உள்ள வரணும். காவலுக்குக் கால் மணிக்கு ஒரு ஆள் மாறணும். இந்தச் சிவப்பு போகணும். அதுவரைக்கும் யாரும் கட்ட மாட்டோம்."

"நானும் வெளிநாட்டுலேர்ந்து வந்தவன்தான். உழைச்சுத்தான் மேல வந்தேன். மிஷினுக்கு யார்மேலயும் கோபம் கிடையாது. கை அசையலேன்னா அசையலேன்னு சொல்லுது. அந்த வார்த்தைக்கு அர்த்தமே அதுதான், அசையாம இருக்கார்னு."

ஒத்திலியா அவரைப் பார்க்கவில்லை. பத்ரிக்குப் பின்னால், நேற்றைய சட்டையோடு நின்றிருந்த நஞ்சுண்டனைப் பார்த்தாள்.

"அப்படியா இஞ்சினியர்? அன்னிக்குக் கேட்டேன், கோட்னு சொன்னீங்க. இன்னிக்கும் கேக்கறேன்."

நஞ்சுண்டனுக்குக் காது மடல் எரிந்தது. பதினேழு முகங்கள். ஓடி ஒளிய ஓர் இடமில்லை. வாயைத் திறந்தால் கேட்டி வீடு போய்விடும். திறக்காவிட்டால் எது போகும் என்பது நேற்றே தெரிந்துபோனது.

"அது எங்க பாஷை" என்றான். "வேலை செய்ய மனசில்லாம உடம்ப வளர்க்கறவன்னு அர்த்தம். எங்க ஊர்ல அப்படிச் சொன்னா சட்டையப் பிடிப்பாங்க. நான்தான் அத எழுதினேன். உங்களுக்குப் புரியாதுன்னு தெரிஞ்சுதான் விட்டு வெச்சேன்."

யாரோ ஒருவர் காறித் துப்பினார். இன்னொருவர் ஸ்பானிஷில் எதையோ சொல்லி ஓரடி முன்னால் வந்தார். ஒத்திலியா கை நீட்டித் தடுத்தாள். அவள் கண்களில் நீர் முட்டியது. ஐந்து மாதமாகத் தன் வாயாலேயே சொல்லிச் சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"என் கையால சாப்பிட்டீங்களே" என்றாள்.

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தலையைக் குனிந்தபடியே நின்றான். "ஆமா. சாப்பிட்டேன்."

பத்ரி அவன் முழங்கையைப் பிடித்துத் தமிழில் சீறினார். "பைத்தியமாடா உனக்கு? உள்ள வா!"

"ரிப்போர்ட் எழுதிட்டேனுங்க சார்" என்றான் நஞ்சுண்டன். முழங்கையை விடுவித்துக்கொண்டான். "நடந்தது நடந்தபடி எழுதியிருக்கேன். தண்ணி எங்க இருந்துச்சு, சிக்னல் எதுவரைக்கும், ஏழு நிமிஷம் யாரு வெச்சது, எல்லாம். லாக்ஸ்ல கை வைக்கலீங்க. காலையிலேயே ஓஷாவுக்கு அனுப்பிட்டேன்."

"உன் விசா முடிஞ்சுது. தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

ரிப்போர்ட் அனுப்பியதை ஒத்திலியாவிடமும் ஆங்கிலத்தில் சொன்னான். அவள் முகம் இளகவில்லை.

"எவரிஸ்டோ கண்ண முழிச்சதும் அந்த அர்த்தத்த நீங்களே அவர்கிட்ட சொல்லணும். உங்களுக்காக நான் சொல்ல மாட்டேன்."

"சொல்றேன்."

"நாலு பேர் கேக்கற எடத்துல இதையெல்லாம் இன்னொரு தடவ சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

நஞ்சுண்டன் கண்ணாடி அறைக்குப் போனான். அலமாரியில் உபரியாகக் கிடந்த ஒரு ஸ்கேனரை எடுத்தான். இந்த ஐந்து மாதத்தில் அவன் பெயர் அந்தப் பட்டியலில் இருந்ததே இல்லை. உட்கார்ந்திருப்பவர்களை எண்ணுவதற்கு அவன் எதையும் எழுதியிருக்கவில்லை. தன் பெயரைத் தட்டினான், பதினெட்டுப் பெயர்களுக்குக் கீழே. பெரிய திரையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்தான். வெளியே வந்து ஸ்கேனரை நீலக் கூடையில் போட்டுவிட்டு, மரத்தடியிலிருந்து சற்றுத் தள்ளி, வெயிலில் நின்றுகொண்டான்.

திரையில் மற்ற எல்லாப் பெயர்களும் முன்பே சிவந்திருந்தன. பாலத்திலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று. மெக்சிகோக் கரைவரை வரிசை நின்றுவிட்டது என்று வெண்ணெய்ப் பழ வண்டியின் டிரைவர் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்துவிட்டு இன்ஜினை அணைத்தார், இறங்கி மரத்தடிக்கு வந்தார். சுங்க அதிகாரி எட்டிப் பார்த்து, யார் இறக்கப் போகிறார்கள் என்று கேட்டார். இன்றைக்கு யாரும் இல்லை என்றாள் ஒத்திலியா. பத்ரி ஷெட்டின் முகப்பில் நின்று வக்கீலோடு கத்திக்கொண்டிருந்தார்.

ஏழு நிமிடம் ஆனது. கண்ணாடிக்கு அப்பால் பத்தொன்பதாவது பெயர் சிவந்தது. நஞ்சுண்டன், சோம்பேறி.

கூட்டத்தில் ஒருவர் விசிலடித்தார். இரண்டு பேர் சிரித்தார்கள், அது கேலியா வேறு எதுவுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒத்திலியா சிரிக்கவில்லை. டிரம்மிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தாள், தான் பாதி குடித்தாள். பிறகு அவனைப் பார்க்காமலேயே, மரத்தடியில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு நகர்ந்து நின்றாள்.